பரலுக்குள்ளே என்ன கிடக்கு?

பெரியப்பா கடலில் இருந்து கொண்டுவந்த நீலப் பரல் ஒன்று எங்கள் வளவில் இப்போதும் நிற்கிறது. வாடைக்காலத்தில் கொட்டியாரக் குடாவுக்குள் என்னென்னவோ ஒதுங்கும். மரக்கட்டை, வலை மிதப்பு, ஒற்றைச் செருப்பு, தெரியாத எழுத்துப் போட்ட போத்தல். அந்த வருசம் பரல் வந்தது. நான் பள்ளிக்கூடம் போகிற வயசு. மூடி இறுக்கிக் கிடந்தது. உள்ளே கால்வாசி என்னவோ ஆடியது. வெளியே ஒட்டியிருந்த தாளை உப்புத் தண்ணி தின்றுவிட்டது. மிச்சம் ஒரு செம்மஞ்சள் துண்டு மட்டும்.

பெரியப்பா மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். கண் இரண்டும் கலங்கிப் போச்சு. "சவுக்காரத் தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றார். பக்கத்து வளவு அண்ணன் வந்து மணந்துவிட்டு "இல்லை, பெயின்ற் கழுவுற எண்ணெய்" என்றார். மூன்றாவதாக வந்தவர் தலை சுத்துது என்று சொல்லிவிட்டு வேலியடியில் குந்திவிட்டார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து அதை மணலில் ஊற்றினார்கள். ஊற்றிய இடத்தில் அந்த மாரி முழுக்கப் புல் முளைக்கவில்லை. பரலை மூன்று தரம் அலசிவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி பிடிக்க வைத்தோம்.

அதற்குள் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறது. தெரியாத ஒரு பொருள் கசிகிறது, எரிகிறது, கரையில் கிடக்கிறது. முதலில் ஓடிப்போகிறவர் அது இன்னதுதான் என்று எப்படி அறிகிறார்? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி எங்களுடையது போன்ற துறைமுகக் கரைகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

முதல் கருவி மூக்கு. பெரியப்பா செய்ததைத்தான் மனிதர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள். ஆனால் மூக்கு நம்பத்தகாத சாட்சி. அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டு வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாக இருக்கும்போது நன்றாக மணக்கும். அளவு கூடினால் மணக்கும் நரம்பையே அது மரத்துப்போகச் செய்துவிடும். மணம் நின்றுவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் ஆள் விழுகிற நேரம். மலக்குழிக்குள் இறங்குகிறவர்களும் மீன் அழுகிய கப்பல் அறைக்குள் இறங்குகிறவர்களும் ஒருவர் பின் ஒருவராகச் சாவது இப்படித்தான். முதலாமவரைத் தூக்கப் போகிறவர் இரண்டாமவர்.

சில பொருளுக்கு மணமே கிடையாது. நாங்கள் 'காஸ் மணம்' என்று சொல்வது காஸின் மணம் இல்லை. 1937 மார்ச் 18ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் இயற்கை வாயு கசிந்து தேங்கியது. ஒருவருக்கும் மணக்கவில்லை. ஒரு பொறி பட்டது. ஏறத்தாழ 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் மணமில்லாத வாயுவுக்குள் நாற்றம் பிடித்த மெர்கப்டன் கலக்க வேண்டும் என்ற சட்டம் வந்து மற்ற நாடுகளுக்கும் பரவியது. 2021 கடைசியில் இலங்கையில் அடுப்படி அடுப்படியாக காஸ் வெடித்தது நினைவிருக்கும். அப்போது எழுந்த கேள்விகள் இரண்டு. சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் எந்த விகிதத்தில் கிடக்கு? மெர்கப்டன் போதிய அளவு கலந்திருக்கா? சிலிண்டரில் அதை எழுது என்று நாடே கத்தியது. பரலுக்குள் என்ன என்ற அதே கேள்விதான், இந்தத் தரம் குசினிக்குள் வந்து நின்றது.

இப்போது பம்பாய்க்குப் போவோம். 1944 ஏப்ரல் 14. எங்களுக்கு வருசப் பிறப்பு நாள். விக்ரோறியா டொக்கில் 'ஃபோர்ட் ஸ்ரைக்கின்' என்ற கப்பல் கட்டப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட்டில் இருந்து கராச்சி வழியாக வந்த கப்பல். உள்ளே சுமார் 1400 தொன் வெடிபொருள். அதோடு கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள், மசகெண்ணெய்ப் பீப்பாக்கள், மரம், கந்தகம், மீன் உரம். ஒரு இரும்புப் பெட்டிக்குள் தங்கக் கட்டிகளும் இருந்தன. பெட்டியின் மூடியை வெல்டிங் அடித்தே மூடியிருந்தார்கள். தங்கத்துக்கு அவ்வளவு கவனம். வெடிபொருள் இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியை அந்தக் கப்பல் ஏற்றியிருக்கவில்லை. யுத்த காலத்தில் எல்லாக் கப்பலிலும்தானே வெடிபொருள் கிடக்கு, இதற்கொரு கொடியா என்ற மனநிலை.

மத்தியானம் தாண்டிப் பஞ்சில் புகை. தீயணைப்புப் படை வந்தது. சாதாரணப் பஞ்சுத் தீ என்றுதான் முதலில் தண்ணி அடித்தார்கள். பிறகுதான் சரக்கு வரைபடத்தைப் பார்த்த வெடிபொருள் அதிகாரி ஒருவர் இந்தக் கப்பல் முழு டொக்கையும் தூக்கிக்கொண்டு போகும் என்று எச்சரித்தார். கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துக்கொண்டு போவதா, நின்று தீயை அணைப்பதா? கப்பலின் எஞ்சின் திருத்த வேலையில் கிடந்தது. டொக்கில் ஆழம் போதாது. கப்பலின் கப்டன், தீயணைப்பு அதிகாரிகள், துறைமுக அதிகாரிகள் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க, அடித்த தண்ணி கப்பலுக்குள் ஏறியது. எரிகிற பஞ்சு மிதந்து மேலே வந்தது. மேல்தட்டில்தான் வெடிபொருள். தீயை அணைக்க ஊற்றிய தண்ணியே தீயைத் தூக்கி வெடிபொருளுக்குப் பக்கத்தில் வைத்தது.

பின்நேரம் 4:06க்கு முதல் வெடி. 4:34க்கு இரண்டாவது. 1700 கிலோமீற்றருக்கு அப்பால் சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவி அதைப் பதிந்துகொண்டது. செத்தவர்களின் எண்ணிக்கை உத்தியோகபூர்வக் கணக்கிலேயே 700ஐத் தாண்டியது. அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். இந்தியாவில் ஒவ்வொரு ஏப்ரல் 14ஆம் திகதியும் தீயணைப்புச் சேவை நாளாக நினைவுகூரப்படுவது இவர்களுக்காகத்தான். எங்கள் வருசப் பிறப்புக் கொண்டாட்டத்துக்குள் இது எங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இதில் என்னை உறுத்துவது அந்த இரண்டு மணித்தியாலம். உள்ளே என்ன கிடக்கு என்பது கப்பலில் இருந்த தாளில் எழுதித்தான் இருந்தது. அது தண்ணிக்குழாயைப் பிடித்து நின்றவனுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்று வருசம் கழித்து, 1947 ஏப்ரல் 16, டெக்சாஸ் சிற்றி. 'கிராண்ட்காம்ப்' என்ற கப்பலில் ஏறத்தாழ 2300 தொன் அமோனியம் நைத்திரேற்று. ஊர் ஆட்களுக்கு அது வெறும் பசளை. சரக்கு நனைந்து பழுதாகக்கூடாது என்று தண்ணிக்குப் பதில் நீராவியைச் செலுத்தினார்கள். அதனால் சூடு இன்னும் ஏறியது. வடிவான செம்மஞ்சள் புகை வருகிறது என்று பார்க்கச் சனம் கூடியது. அந்த நிறம் நைத்திரசன் ஒட்சைட்டுகளின் நிறம், ஓடு என்று சொல்கிற நிறம். அதை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை. ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையில் 28 பேர்; 27 பேர் அன்றைக்கே முடிந்தார்கள்.

இப்படியான சாவுகளுக்குப் பிறகுதான் ஆபத்தான பொருளுக்கு எண் கொடுக்கும் யோசனை வலுப்பெற்றது. ஐக்கிய நாடுகள் சபை 1953இல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 1956இல் அதன் முதல் பரிந்துரைகள் வந்தன. பிந்திய பதிப்புகளின் அட்டை நிறத்தால் அதைச் செம்மஞ்சள் புத்தகம் என்பார்கள். ஆபத்துகளை ஒன்பது வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சாய்சதுர அடையாளம் வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் நாலு இலக்க எண் கொடுத்தார்கள். பெற்றோல் 1203. குளோரீன் 1017. அமோனியா வாயு 1005. அமோனியம் நைத்திரேற்று 1942. எங்கட பக்கத்தில் 1942 என்றால் யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட வருசம். ஏப்ரல் 9ஆம் திகதி விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கி ஒன்றில் விழுந்து அது ஏழு நாள் எரிந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எண் பொருத்தம் தற்செயல்தான், ஆனால் ஞாபகம் வைக்க வசதி.

எண்ணின் அழகு என்னவென்றால் அதற்கு மொழி தேவையில்லை. சீன எழுத்துப் போட்ட பரலாக இருந்தாலும் நாலு இலக்கம் நாலு இலக்கம்தான். இந்திய வீதிகளில் ஓடும் பெற்றோல் பவுசர்களின் பின்பக்கத்தைப் பார்த்தால் 1203உம் அதற்கு மேலே 3ஒய்ஈ என்பது போன்ற ஒரு சொல்லும் தெரியும். இந்த இரண்டாவது முறை இங்கிலாந்துத் தீயணைப்பாளர்களிடம் இருந்து வந்தது. 3 என்றால் நுரை அடி. ஈ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சனத்தை வெளியேற்றுவது பற்றி யோசி. பொருளின் பெயரே தெரியாமல், முதல் அஞ்சு நிமிசம் என்ன செய்யலாம் என்று அது சொல்லிவிடும். பம்பாயில் இல்லாமல் போனது அந்த அஞ்சு நிமிசம்தான்.

ஆனால் எண் ஒட்டியிருந்தால் எல்லாம் சரியா? போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பர் 2 இரவு, மெதைல் ஐசோசயனேற்று சுமார் 40 தொன் அளவில் வெளியேறியது. தொழிற்சாலைக்கு அது என்ன பொருள் என்று நன்றாகத் தெரியும். தெரியாதது சனத்துக்கும் வைத்தியர்களுக்கும்தான். கமீதியா ஆஸ்பத்திரியில் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வந்து விழ, என்ன வாயு, என்ன மாற்று மருந்து என்று வைத்தியர்கள் கேட்டார்கள். கண்ணீர்ப்புகை மாதிரித்தான், தண்ணியால் கழுவுங்கள் என்ற தோரணையில் பதில் வந்தது. பிரேத பரிசோதனை செய்த மருத்துவர் ஹீரேஷ் சந்திரா, இறந்தவர்களின் குருதி செக்கச்செவேலென்று இருப்பதைக் கண்டு சயனைட்டு நஞ்சாக இருக்கலாம் என்றார். சயனைட்டுக்கு மருந்தான சோடியம் தயோசல்பேற்றைக் கொடுக்கலாமா கூடாதா என்பது வருசக்கணக்கான சண்டையாக மாறியது. ஒரு பொருளின் பெயரை மறைப்பது எவ்வளவு பெரிய வன்முறை என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஈரத் துணியை முகத்தில் கட்டு, காற்றுக்குக் குறுக்கே ஓடு என்று யாரும் சொல்லியிருந்தால் கன உயிர் மிஞ்சியிருக்கும்.

பெய்ரூட்டை நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். 2020 ஓகஸ்ட் 4. களஞ்சியம் 12இல் தீ என்று அழைத்ததும் பத்துப் பேர் கொண்ட ஒரு குழு போனது. உள்ளே ஆறு வருசமாக 2750 தொன் அமோனியம் நைத்திரேற்று கிடக்கிறது என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. பத்துப் பேரும் திரும்பவில்லை. அந்தக் கிழமைதான் சென்னையில் சனத்துக்கு ஞாபகம் வந்தது, மணலியில் சுங்கம் பறிமுதல் செய்த அதே பொருள் சுமார் 700 தொன் 2015இல் இருந்து கிடக்கிறது என்று. அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றினார்கள். மணலி ஆட்கள் அதற்குப் பக்கத்தில் அஞ்சு வருசம் நித்திரை கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் கடலுக்கு வருவோம். எக்ஸ்பிறஸ் பேர்ள். 1486 கொள்கலன்கள். அவற்றில் 81இல் ஆபத்தான பொருள் என்று தாளில் இருந்தது. ஒன்றில் நைத்திரிக் அமிலம், கப்பலில் இருந்த மொத்தம் 25 தொன். ஐ.நா. எண் 2031, வகுப்பு 8. எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. 2021 மே 11இல் கசிவு தெரிந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்திடமும் குஜராத்தின் ஹசீரா துறைமுகத்திடமும் இந்தக் கொள்கலனை இறக்கக் கேட்டார்கள். இரண்டும் ஏற்கவில்லை. கசிகிற பெட்டியோடேயே கப்பல் கொழும்புக்கு வெளியே வந்து நங்கூரமிட்டது. மே 20 தீ. மே 25 பெரிய வெடி. யூன் 2 கப்பலின் பின்பகுதி கடலடியைத் தட்டியது.

நைத்திரிக் அமிலம் மரம், துணி போன்றவற்றில் பட்டால் வெளியில் இருந்து நெருப்பு இல்லாமலே தீயை மூட்டக்கூடியது. பொருள் இன்னதென்று தெரியும், என்ன செய்யும் என்று தெரியும், எங்கே கிடக்கிறது என்றும் தெரியும். பம்பாயில் தாளில் இருந்தது ஆளுக்குப் போகவில்லை. இங்கே ஆளுக்கும் போய்ச் சேர்ந்தது, ஆனால் பொறுப்பேற்கத்தான் ஒருவரும் இல்லை. அடையாளம் காண்பதன் வரலாற்றில் இதுவொரு புது அத்தியாயம் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. கரையை மூடியது அமிலம் இல்லை. நேர்டில்ஸ் என்கிற பருப்பு அளவான பிளாஸ்ரிக் மணிகள், சுமார் 1680 தொன். சரக்குவ, நீர்கொழும்புக் கரைகளில் முழங்கால் அளவுக்குப் பனி பெய்தது போல அள்ளினார்கள். சில மணி வெள்ளை, சில மணி எரிந்து கறுப்பு, சிலது ஒன்றோடொன்று உருகி ஒட்டிய கட்டி. இந்த மணிகளுக்கு ஐ.நா. எண் கிடையாது. கடல் விதிகளில் அது ஆபத்தான பொருளே இல்லை. அதனால் கப்பலில் எங்கே அடுக்க வேண்டும் என்றும் விதி இல்லை. நூற்றுக்கணக்கான கடலாமைகள் செத்து ஒதுங்கியபோது, எண் இல்லாத பொருளும் கொல்லும் என்று தெரிந்தது. 2024இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இந்த மணிகளை எப்படிப் பொதி செய்வது, எங்கே அடுக்குவது என்று பரிந்துரை வெளியிட்டது. வெறும் பரிந்துரை, கட்டாயம் இல்லை. 2025 யூலையில் எங்கள் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கட்டச் சொன்னது. அதற்கு இரண்டு மாசம் முன்னால்தான், மே 25, கேரளக் கரைக்கு வெளியே 'எல்சா 3' என்ற இன்னொரு கப்பல் மூழ்கியது. 12 கொள்கலனில் கல்சியம் காபைட்டு. தண்ணி பட்டால் எரியக்கூடிய அசற்றலீன் வாயு வரும். கரையொதுங்கும் பெட்டிகளைத் தொடாதே, 200 மீற்றர் தள்ளி நில், 112க்கு அடி என்று கேரள அரசு மீனவர்களுக்கு உடனடியாகச் சொன்னது. அந்தக் கப்பலின் மணிகள் தனுஷ்கோடிக்கும் வந்தன.

சரி, ஒட்டிய தாளே அழிந்துவிட்டால்? எங்கள் பரல் மாதிரி?

இங்கேதான் ஒரு தமிழர் வருகிறார். 1921இல் சி.வி. இராமன் கப்பலில் போய்வந்தபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துவிட்டு, இது வானத்தின் நிறம் தண்ணியில் தெரிவது மட்டுமில்லை, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று யோசித்தார். அந்த யோசனையின் தொடர்ச்சியாகக் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து வேலை செய்து, 1928 பெப்ரவரி 28இல் கல்கத்தாவில் இராமன் விளைவைக் கண்டார். ஒரு பொருளின் மீது ஒரே நிற ஒளியை விழுத்தினால் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் மூலக்கூறைப் பொறுத்தது. கைரேகை மாதிரி. 1930இல் நோபல் கிடைத்தது. ஆனால் அந்த வெளிச்சம் அவ்வளவு மெலிசு. 1960இல் லேசர் வந்த பிறகுதான் அது எல்லாருடைய கைக்கும் வரத் தொடங்கியது.

இன்றைக்குப் பல நாடுகளின் தீயணைப்புப் படைகள் கையில் பிடிக்கிற இராமன் கருவியைக் கொண்டுதான் தெரியாத தூளையும் திரவத்தையும் சோதிக்கின்றன. கண்ணாடிப் போத்தலைத் திறக்கவே வேண்டாம், வெளியில் இருந்து லேசரை அடித்தால் உள்ளே இருப்பதன் கைரேகையை ஆயிரக்கணக்கான பொருளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்லும். மந்திரம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண உப்பை அதற்குத் தெரியாது, உலோகம் தெரியாது, ஒளிரும் பொருள்களில் தடுமாறும். கறுப்பு நிறத் தூளில் அடித்தால் லேசர் சூட்டில் அது தீப்பிடிக்கவும் கூடும். அதனால் லிற்மஸ் தாளும், வாயுவுக்கு நிறம் மாறும் கண்ணாடிக் குழாயும் இன்னும் கூடவே போகின்றன. ஒரு கருவி சொன்னதை இன்னொரு கருவி ஒத்துக்கொண்டால்தான் நம்புவார்கள். பெரியப்பாவும் மூன்று பேரைக் கூப்பிட்டு மணந்து பார்த்தவர்தான், முறை பிழையில்லை, கருவிதான் மூக்கு.

1660இல் ரொபேட் நொக்ஸின் கப்பல் பாய்மரம் முறிந்து கொட்டியாரத்துக்குள் வந்தபோது, இதில் என்ன கிடக்கு என்று கரையில் நின்ற ஆட்கள் யோசித்திருப்பார்கள். இரவில் இங்கே நின்று பார்த்தால் குடாவுக்கு அந்தப்பக்கம் துறைமுக வெளிச்சம் தெரியும். சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொன்றும் சுமார் 10,000 தொன் கொள்ளக்கூடியது. அவற்றைத் திருத்தித் திரும்பப் பாவிக்க 2022இல் ஒப்பந்தம் போட்டார்கள். சீமெந்து, கோதுமை, எண்ணெய் என்று கப்பல் வருகிறது. நல்லது, வேலை வரட்டும். எந்தத் தாங்கியில் என்ன, எந்தக் கப்பலில் என்ன வகுப்பு, காற்று எங்கள் பக்கம் அடிக்கிற நாளில் ஏதும் நடந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று மூதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 2006இல் ஓடிய ஆட்கள் நாங்கள், ஓட்டம் தெரியும். எதில் இருந்து ஓடுகிறோம் என்று தெரிந்தால் திசை பிழைக்காது.

போன மாசம் ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் இதெல்லாம் சொன்னேன். இனி ஏதும் ஒதுங்கினால் திறக்க வேண்டாம், மணக்க வேண்டாம், காற்று வாற பக்கமாகத் தள்ளி நின்று நாலு இலக்கம் இருக்கா என்று போனால் படம் எடுங்கோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117க்கு அடியுங்கோ என்றேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கிணற்றடிப் பக்கம் பார்த்தார். பரல் அங்கேதான் நின்றது. வெயிலில் நீலம் வெளுத்துப்போய், பாதிக்குத் தண்ணி.

"அப்ப இதை என்னடா தம்பி செய்யிற?"

"எறியத்தான் வேணும் பெரியப்பா."

"எங்க?"